படலையைத் தாண்டினால் திரும்பக் கூடாது

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய பாத்தி மாதிரி இருக்கிறதென்று அச்சுக் கோர்க்கிறவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். உண்மைதான். ஐந்தாம் வகுப்போடு கொப்பியை மூடியவன் நான். எந்த இடத்தில் ‘ர’, எந்த இடத்தில் ‘ற’ என்று கேட்டால் இன்றைக்கும் தலையைச் சொறிவேன். மண்வெட்டி பிடித்த கை பேனாவையும் அப்படியே அழுத்திப் பிடிக்கிறது. நீங்கள் இந்தப் பத்தியில் வாரா வாரம் வாசிக்கிற நல்ல தமிழ் அவருடையது. பிழைகள் மட்டும்தான் என் சொந்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன புதன்கிழமை பின்னேரம் எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கிற வாத்தியார் ஒரு சூட்கேசோடு என் விறாந்தைக்கு வந்து சேர்ந்தார். வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. வந்தவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“நாளைக்குக் கொழும்புப் பயணம், தம்பி. நாளைக்கு நாள் சரியில்லை. அதுதான் இண்டைக்கே வெளிக்கிட்டிட்டன்.”

“எவ்வளவு தூரம் வந்திட்டியள், மாஸ்ரர்?”

“உங்கடை வீடு மட்டும்!”

இரண்டு பேரும் சிரித்தோம். இளம் வாசகர்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். பயணம் போகிற நாள் கூடாத நாளென்றால், முதல் நாளே நல்ல நேரம் பார்த்து வீட்டு வாசல் படலையைத் தாண்டிவிடுவார்கள். அயல் வீட்டில் தங்கி, அடுத்த நாள் அங்கிருந்து போவார்கள். கிரகங்களின் கணக்கில் பயணம் நேற்றே தொடங்கிவிட்டது! ஒரே ஒரு நிபந்தனை. தாண்டிய பிறகு திரும்பிச் சொந்தப் படலைக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் பயணம் கெட்டது.

இருட்டிய பிறகு வாத்தியாரைப் பார்த்தேன். தன் வீட்டுப் பக்கம் ஒரு விளக்கு அசையும்போதெல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். எட்டி நடந்தால் ஒரு வாய் வெற்றிலை மென்று முடிக்க முன் போய்விடலாம். போக முடியாது. மனிதரைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்...

வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு திங்கட்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது.

என் மனைவி பெயர் பூமணி. எங்களுக்கு ஒரே மகள். கலியாணம் முடித்துக் கனடாவில் இருக்கிறாள். அவளுக்கு முதல் பிள்ளைப்பேறு. “அம்மா பக்கத்தில் வேண்டும்” என்று அழுது எழுதினாள். “போகத்தான் வேணும்” என்றாள் பூமணி. “போகத்தான் வேணும்” என்று நானும் சொன்னேன். அவள் சொன்னது மகளுக்காக. நான் சொன்னது, வேறு என்ன சொல்வதென்று தெரியாததால்.

உள்ளுக்குள் எனக்கு ஒரே ஒரு பயம். எங்கள் ஒழுங்கையால் பெட்டியோடு போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? யோசித்துப் பாருங்கள். பேர்த்திக்குப் பிறகு பேரன், பேரனுக்குப் பிறகு குளிர், குளிருக்குப் பிறகு சண்டையில் பாதை பூட்டு... போனவர்கள் போனவர்கள்தான்.

ஆகவே நான் பூமணியிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். கெதியாய்த் திரும்பி வந்துவிடு. அவ்வளவுதான். இதைச் சொல்ல என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அவளோடு வெங்காய விலை கதைத்திருக்கிறேன், மழை கதைத்திருக்கிறேன், ஆட்டுக்கு வந்த வயிற்று வருத்தம் கதைத்திருக்கிறேன். இப்படியான சொல் ஒன்று என் வாயால் வந்ததில்லை. பயணத்துக்கு முதல் நாள் இரவு, சாப்பிட்ட பிறகு, ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டு விளக்கு ஜாம் போத்தலுக்குள் திரி போட்டது. அந்த வெளிச்சத்தில் முகம் பாதிதான் தெரியும். என்னைப் போல் வெட்கப்படுகிறவனுக்கு மின்சாரம் இல்லாதது எவ்வளவு பெரிய உதவி!

அந்த இரவைத்தான் சாத்திரியார் பறித்துக்கொண்டார்.

“செவ்வாய்க்கிழமை, அட்டமி. பிள்ளைப்பேறு பாக்கப் போற பயணம். அண்டைக்கு வெளிக்கிடக் கூடாது” என்றார். ஊரை விட்டுப் போகிற பாஸும், கிளாலியில் கடல் கடக்கிற படகும் செவ்வாய்க்கிழமைக்குத்தான் சரிவந்தன. கிளாலிக் கடலுக்கு அட்டமி நவமி தெரியுமா? “அப்ப திங்கள் பின்னேரம் படலையைத் தாண்டி விடுங்கோ. பிறகு திரும்பி உள்ளுக்கை வரக் கூடாது, சொல்லிப்போட்டன்.”

அடுத்த வளவு சின்னத்துரை அண்ணையுடையது. அவரும் நாகேசக்காவும் மட்டும்தான் அந்த வீட்டில். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் கிடுகு வேலி. வேலியில் ஒரு பொட்டு, குனிந்து போய்வருகிற அளவுக்கு ஓர் இடைவெளி. உப்பும் கதையும் அதற்குள்ளால்தான் போய்வரும். பூமணி அன்றிரவு அங்கே தங்குவது என்று முடிவானது. ஆனால் பொட்டுக்குள்ளால் போனால் கணக்கில்லை. படலையால் வெளியே இறங்கி, ஒழுங்கையால் நடந்து, அவர்கள் படலையால் உள்ளே போக வேண்டும். எதிரே நாகேசக்கா நிறைகுடத்தோடு வர வேண்டும். முதலில் கண்ணில் படுகிற முழிவியளம் அப்படி இருந்தால் பயணம் சுகம்.

நேரம் வந்தது. பூமணி பயணச் சேலையை உடுத்துக்கொண்டு படலையடியில் நின்றாள். நீலச் சேலை, மகளின் கலியாணத்துக்கு எடுத்தது. வலது காலைத் தூக்கினாள்.

எதிரே வந்தது நிறைகுடம் இல்லை. சைக்கிள் நிறைய விறகு. அதைத் தள்ளிக்கொண்டு சின்னத்துரை அண்ணை!

பயணம் புறப்படும்போது விறகு எதிரே வந்தால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லத் தேவையில்லை. பின்னால் குடத்தோடு நின்ற நாகேசக்கா வீரிட்டார்.

“ஐயோ, உந்த மனிசன்! விறகு கொண்டுவர உங்களுக்கு வேறை நேரம் கிடைக்கேல்லையே?”

“அடுப்புக்கு விறகில்லை எண்டு விடியத் துவக்கம் என்ரை காதைத் திண்டது ஆர்?”

“திரும்பிப் போங்கோ எண்டுறன்! சந்தியிலை போய் நில்லுங்கோ!”

“இவ்வளவு பாரத்தோடை சைக்கிளை எப்பிடியடி திருப்புறது? சாத்திரியாரைக் கூப்பிடு, வந்து தள்ளட்டும்!”

பூமணி தூக்கிய காலை இறக்கவில்லை. படலைத் தூணைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றாள். கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள். காணாத விறகு கணக்கில் வராதுதானே? அண்ணை முனகிக்கொண்டு சைக்கிளைத் திருப்ப, நாகேசக்கா குடத்தோடு முன்னால் வர, “இப்ப கண்ணைத் திற, தங்கச்சி” என்று சொல்ல... பூமணி படலையைத் தாண்டினாள்.

ஆனால் அவள் முகம் தெளியவில்லை. முதலே விறகு முட்டிவிட்டது. இனி ஒரு சின்னப் பிழையும் விடக் கூடாது என்று அவள் மனதில் எழுதிக்கொண்டாள். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அவசரத்தில் புறப்பட்டால் என்ன நடக்கும்? பாதிச் சாமான் வீட்டில். பொட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடத் தொடங்கினாள்.

“இஞ்சாருங்கோ, கண்ணாடி அலுமாரித் தட்டிலை!”

கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“இஞ்சாருங்கோ, காயச் சரக்கு!” பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கிற சரக்கு. அதுவும் போனது. பிறகு சீப்பு. பிறகு சுவாமிப் படம். பிறகு, இரவில் போர்க்கிற சீலை.

“தம்பி,” என்றார் நாகேசக்கா, “இனி வீட்டைக் கிளப்பி இஞ்சாலை தந்துவிடுமன். ஒரேயடியாய் முடிஞ்சு போகும்.”

ஒவ்வொரு தடவையும் சாமானை நீட்டும்போது நான் அதைச் சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நாகேசக்கா. நான் அங்கே போய் இருந்திருக்கலாமே என்பீர்கள். இன்னொருவர் வீட்டு விறாந்தையில், அவர்கள் பார்த்திருக்க, மனைவியோடு ஆறுதலாகக் கதைக்கிற ஆண்பிள்ளை எங்கள் பக்கத்தில் உண்டா? இருக்கலாம். நான் இல்லை.

பொழுதுபட்டது. பூமணி முன்பே காய்ச்சி மூடி வைத்திருந்த சோற்றைத் தனியே போட்டுச் சாப்பிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்டது. வீட்டில் இல்லாத மனிசியின் இருமல் வீட்டுக்குள் கேட்கிறது... அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

அப்போதுதான் ஆமி முகாம் இருக்கிற வடக்குப் பக்கம் ‘டும்’ என்றது.

ஷெல். புறப்படுகிற சத்தம் கேட்டால், விழுகிற சத்தத்துக்கு முன் பங்கர் குழிக்குள் போய்விட வேண்டும். எங்கள் அச்சுவேலிப் பக்கத்தில் நாய்க்கும் தெரிந்த கணக்கு. பங்கர் எங்கள் வளவில்தான், மாமரத்தடியில். ரயில் ஓடாமல் கிடந்த பாதைச் சிலிப்பர் கட்டைகளும் மண் மூட்டையும் போட்டு, நானும் சின்னத்துரை அண்ணையும் சேர்ந்து வெட்டியது. இரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான்.

நாகேசக்கா பொட்டுக்குள்ளால் பாய்ந்து வந்தார். பின்னால் அண்ணை. நான் பங்கர் வாசலில் நின்று எண்ணினேன். இரண்டு பேர். மூன்றாவது ஆள் வரவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால், பூமணி பொட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். இரண்டு கையாலும் வேலிக் கதியாலைப் பிடித்தபடி. பெருவிரல் கூட இந்தப் பக்கம் வரவில்லை.

“வா!”

“மாட்டன்.”

“ஷெல் வருகுதடி!”

“நான் வெளிக்கிட்டனான். திரும்பி வரக் கூடாது.”

தூரத்தில் ஒன்று விழுந்து வெடித்தது. நிலம் உதறியது. பங்கருக்குள்ளிருந்து அண்ணை கத்தினார்.

“தம்பி, அவளை இழுத்துக்கொண்டு வாரும்! சாத்திரியார் ஷெல்லுக்கும் நேரம் குறிச்சுக் குடுத்தவரே?”

நான் கையை நீட்டினேன். அவள் பின்னால் போனாள்.

“இழுக்காதையுங்கோ! ஏற்கெனவே விறகு முழிவியளம். இப்ப நானும் திரும்பி வந்து, அங்கை பிள்ளைக்கு ஏதும் எண்டால்... நீங்களோ பதில் சொல்லுவியள்?”

“உனக்கு ஏதும் எண்டால்?”

“எனக்கு ஏதும் எண்டால் எனக்குத்தானே!”

இப்போது யோசித்தால் பைத்தியக்கார வேலை. ஷெல்லுக்குப் பயப்படாத மனிசி, அட்டமிக்குப் பயந்து நிற்கிறாள்! ஆனால் அந்த நேரம் எனக்கு அவள் கண்தான் தெரிந்தது. அதில் சாவுப் பயம் இல்லை. பேறு நோவில் கிடக்கப்போகிற மகள்தான் இருந்தாள். அந்தக் கண்ணோடு யார் வாதாடுவது?

மறுபடியும் ‘டும்’.

அவள் இந்தப் பக்கம் வரக் கூடாது. நான் அந்தப் பக்கம் போகலாம்தானே! குனிந்து பொட்டுக்குள்ளால் போனேன். அவளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அண்ணையின் வாழைகளுக்கு நடுவில் ஆழமான வாய்க்கால். அன்றைக்குத்தான் தண்ணீர் விட்டிருந்தார்கள். அதற்குள் இரண்டு பேரும் குப்புற விழுந்தோம். நீலச் சேலையோடுதான்.

சேறு. வாழைச் சருகு. தலைக்கு மேலால் கூவிக்கொண்டு ஒன்று போய், எங்கோ தோட்ட வெளியில் விழுந்தது.

“கோழிக்கூடு சாத்தினியளே?” என்றாள் பூமணி.

“ஓம்.”

“மெய்யாய்?”

“ஓம் எண்டுறன்.”

“அரிசிப் பானைக்குள்ளை வேப்பிலை போட்டிருக்கிறன். குப்பை எண்டு எறிஞ்சு போடாதையுங்கோ.”

“சரி.”

“மழைக்கு முன்னம் அடுப்படிக் கூரையைப் பாருங்கோ. உங்களுக்குச் சொல்லாட்டில் செய்யமாட்டியள்.”

“சரி.”

இதுதான் நேரம் என்று நினைத்தேன். பக்கத்தில் யாருமில்லை. முகமும் தெரியாது. நான் வைத்திருந்த இரவைச் சாத்திரியார் பறித்தார், ஷெல் திருப்பித் தந்திருக்கிறது. வாயைத் திறந்தேன்... வாய்க்குள் மண்.

“நீங்கள் என்னவோ சொல்லப் பாக்கிறியள்.”

“ஒண்டுமில்லை.”

“நான் வராமல் அங்கையே நிண்டிடுவன் எண்டு பயம். அதுதானே?”

நான் வாயிலிருந்த மண்ணைத் துப்பினேன்.

“விசர்க் கதை கதையாதையுங்கோ” என்றாள். நான் எங்கே கதைத்தேன்? பிறகு சேற்றுக் கையால் என் கையைப் பிடித்தாள். பகலென்றால் நான் வெட்கத்தில் இழுத்திருப்பேன். அன்று இழுக்கவில்லை. ஷெல் அடி ஓய்ந்த பிறகும் நாங்கள் உடனே எழும்பவில்லை. இன்னும் அடிப்பார்களோ என்று பார்த்திருந்தோம் என்றுதான் மற்றவர்களுக்குச் சொன்னோம்.

அண்ணை டோர்ச்சோடு வந்தார். “நாரி முறிய முறிய நான் பங்கர் வெட்டினது ஆருக்கு? நீங்கள் இரண்டு பேரும் வாய்க்காலுக்கை சொகுசாய்க் கிடக்கிறியள்! எடியே நாகேசு, கனடாவுக்குப் போறவளை வந்து பார். வாழைக்குட்டி மாதிரிச் சேத்தோடை நிக்கிறாள்!”

நாகேசக்கா திட்டிக்கொண்டே, வீட்டில் மிச்சமிருந்த சவர்க்காரத் துண்டைக் கரைத்து அந்தச் சேலையைத் தோய்த்தார். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தார். எரிந்தது எந்த விறகு என்று நான் கேட்கவில்லை. புகை மணக்கிற சேலையோடுதான் பூமணி செவ்வாய்க்கிழமை போனாள். கிளாலி வரைக்கும் சைக்கிளில் நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். கரையில் திருவிழாச் சனம். “போட்டு வாறன்” என்றாள். “ஓம்” என்றேன். படகில் ஏறிய பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் கூடாதாம்.

பயணம் நல்லபடி முடிந்தது. கடலில் ஒன்றும் நடக்கவில்லை. விசா கிடைத்தது. பேர்த்தி சுகமாகப் பிறந்தாள். சாத்திரியாரில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பூமணிதான் இன்னும் வரவில்லை.

பேர்த்தி தவழும் மட்டும் என்று எழுதினாள். பிறகு மகளுக்கு வேலை கிடைத்தது, பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். விசாவை நீட்டினார்கள். பிறகு இரண்டாவது பேறு. பிறகு கடற்பாதை பயம் என்று மருமகன் விடவில்லை. வாற தைக்கு, வாற சித்திரைக்கு... அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அங்கே மகள் வீட்டுக்குப் படலையே இல்லையாம். கதவைத் திறந்தால் நேரே தெரு. யாரும் குனிந்து வருகிற வேலியும் இல்லையாம். “இருமினால் கேட்கிறதுக்கு ஆளில்லை” என்று ஒருமுறை எழுதியிருந்தாள். மற்ற வரிகளைப் போல அந்த வரியைச் சொல்லி மகளைக்கொண்டு எழுதுவித்திருக்க முடியாது. எழுத்துக்கூட்டித் தானே எழுதியிருக்க வேண்டும்.

இங்கே அரிசிப் பானையில் நான் வேப்பிலை மாற்றிப் போடுகிறேன். கூரையும் வேய்ந்தேன், யாரும் சொல்லாமலே. ஷெல் அடித்தால் நான்தான் முதலில் பங்கருக்குள் ஓடுகிறேன். உள்ளே போய் இருந்த பிறகு, வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் வராமல் நிற்பது போல... ஒவ்வொரு முறையும் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அண்ணை இப்போது பகிடி விடுவதில்லை.

போகிறதுக்கு நாங்கள் என்னவெல்லாம் பார்க்கிறோம்! நாள், நேரம், நிறைகுடம், விறகு, எந்தக் கால் முதலில். வருகிறதுக்கு என்ன பார்க்கிறோம்? யாராவது, எப்போதாவது, திரும்பி வருகிறதுக்கு நாள் கேட்டிருக்கிறோமா?

நான் கேட்டேன். வாத்தியார் கொழும்புக்குப் போன அன்று பின்னேரமே சாத்திரியாரிடம் போனேன். “மனிசி திரும்பி வாறதுக்கு ஒரு நல்ல நாள் பாத்துச் சொல்லுங்கோ” என்றேன். அவர் பஞ்சாங்கத்தைத் தொடவேயில்லை.

“தன்ரை வீட்டுக்கு வாறதுக்கு என்னத்துக்கு நாள்? எந்த நேரமும் நல்ல நேரம்தான்.”

இதைக் கடிதத்தில் எழுதலாமே என்பீர்கள். என் கடிதத்தை மருமகன்தான் உடைத்து, எல்லோரும் கேட்க உரத்து வாசிப்பாராம். நான் வாய்க்காலுக்குள் கிடந்து சொல்லாமல் விட்டதை மருமகன் வாயால் சொல்லவைக்க முடியுமா? இந்தப் பத்திரிகையை யாராவது கொண்டுபோனால், மாதக் கணக்கில் பிந்தினாலும், பூமணி ஒரு மூலையில் தனியே இருந்து வாசிப்பாள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். தாள் கிடைக்காத காலத்தில் அது பாவம். இது மூன்றாவது.

ஆகவே வாசகர்களே, கோபிக்க வேண்டாம். மிச்சம் உங்களுக்கு இல்லை.

பூமணி, இராகுகாலம் எண்டாலும் பரவாயில்லை. வெளிக்கிட்டு வா.

1994 மாசி 11, வெள்ளிக்கிழமை.